இரும்புப் பெட்டகமும் துருவும்: புதுக்கோட்டைக் கடலோரத்தில் படைக்கலன் காப்பின் வரலாறு

இரும்புப் பெட்டகம் என்பது படைக்கலன், பணம், நகை, பத்திரம் முதலியவற்றைப் பூட்டி வைப்பதற்காகத் தடித்த இரும்புத் தகட்டால் செய்யப்பட்ட பெட்டி. இது கள்வரையும் நெருப்பையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. ஆனால் கடலோர ஊர்களில் இதற்கு நேரும் பெரும்பாலான சேதம் துருவால்தான் உண்டாகிறது. வீட்டின் நடுக்கூடத்தில் இருந்த பெட்டகம் கார் ஷெட்டுக்கோ புறக்கொட்டகைக்கோ மாற்றப்படும்போது இந்தச் சேதம் விரைவுபடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோவில் வட்டாரத்தை முன்வைத்து, இரும்பையும் படைக்கலனையும் துருவிலிருந்து காத்த வரலாற்றையும் அதற்குரிய இன்றைய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆவுடையார்கோவிலின் சூழல்

ஆவுடையார்கோவிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகரின் வரலாற்றோடு இணைந்த ஊர் இது. பாண்டிய மன்னனின் படைக்குக் குதிரை வாங்கப் பொருளுடன் அனுப்பப்பட்ட அமைச்சர், அப்பொருளை இங்கே இறைப்பணியில் செலவிட்டார் என்பது மரபு. இவ்வூர் ஆத்மநாதசுவாமி கோயில் கொடுங்கைகளுக்குப் பெயர் பெற்றது. மரச் சட்டங்களும் கம்பிகளும் ஆணிகளும் கொண்டு வேய்ந்த கூரையைப் போலவே கருங்கல்லில் செதுக்கப்பட்டவை அவை. கல்லில் செதுக்கிய ஆணி எத்தனை மழை கண்டாலும் துருப்பிடிப்பதில்லை. அதே ஊரில் ஒரு வீட்டுக் கதவில் அறைந்த இரும்பு ஆணி சில ஆண்டுகளிலேயே செந்நிறப் பொடியாக உதிர்கிறது.

இதற்குக் காரணம் ஊரின் இருப்பிடம். கிழக்கிலும் தென்கிழக்கிலும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாபட்டினம், மீமிசல் ஆகிய கடலோர ஊர்கள் அருகில் உள்ளன. வங்கக் கடலிலிருந்து வீசும் காற்று ஈரத்தோடு உப்புத் துகளையும் கொண்டுவருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. அந்த மாதங்களில் வீட்டுச் சுவரும் தரையும் முழுதாக உலர்வதில்லை.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. இது ஒரு மின்வேதி வினை. ஈரம் படிந்த இரும்பின் பரப்பில் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. மற்றோரிடத்தில் உயிர்வளி அந்த வினையின் மறுபாதியை நிறைவேற்றுகிறது. ஈரப்படலம் இரண்டிடங்களையும் இணைக்கும் கம்பியைப் போல் செயல்படுகிறது. விளைவாக உருவாகும் நீரேறிய இரும்பு ஆக்சைடே துரு.

செம்பின் மேல் படியும் பாசம் செம்பை ஓரளவு காக்கும். சாதாரண இரும்பின் துரு அப்படியன்று. அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மேல்பூச்சைத் தூக்கி உடைக்கும். எனவே ஒரு முறை தொடங்கிய துரு தானே தன் வழியை அகலமாக்கிக்கொள்கிறது.

நீர்த்துளி கண்ணுக்குத் தெரிந்தால்தான் துரு வரும் என்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானிய ஆய்வாளர் வெர்னன் காற்றின் ஈரப்பதத்துக்கும் துருவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஈரப்பதம் ஒரு வரம்பைத் தாண்டியதும் துருப்பிடிக்கும் வேகம் திடீரெனக் கூடுகிறது என்பதை அவர் காட்டினார். தூசும் மாசும் படிந்த இரும்புக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 60 விழுக்காடு.

உப்பு இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்குகிறது. சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு அளவிலேயே ஈரத்தை இழுக்கும். ஆகவே கடல் உப்பு படிந்த இரும்பு, வெயில் நாளிலும்கூட முழுதாக உலர்வதில்லை. ஆவுடையார்கோவில் போன்ற ஊர்களில் துருவைப் பற்றிய எந்தப் பேச்சும் உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழந்தமிழகத்தின் இரும்பு

தமிழகத்தில் இரும்பின் பழமை மிக நீண்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளின் அடிப்படையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பை வைத்து, 2025 ஜனவரியில் அது கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுசெல்லப்பட்டது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரே 1899 முதல் நடத்திய அகழாய்வில் வாள், ஈட்டி முதலிய இரும்புக் கருவிகள் பெருமளவில் கிடைத்தன. அவற்றுள் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. மண்ணுக்குள் புதைந்த இரும்பு நூற்றாண்டுகள் தாங்குவதும், வெளியே எடுத்தபின் சில ஆண்டுகளில் பிளந்து உதிர்வதும் தொல்லியலாளர் நன்கறிந்த செய்தி. மண்ணில் இருக்கையில் குளோரைடு உப்புகள் இரும்பின் உட்புறம் வரை ஊறிவிடுகின்றன. அகழ்ந்தெடுத்தபின் புதுக்காற்றும் ஈரமும் கிடைத்ததும் அவை மீண்டும் வினையைத் தொடங்கிவைக்கின்றன. பொருள் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. அதைக் காப்பது தனி வேலை.

தென்னிந்திய உருக்கு ஐரோப்பிய அறிவியலாளரையும் ஈர்த்தது. மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820 வாக்கில் இந்திய உருக்கை ஆராய்ந்தார். அதையொட்டி உருக்கில் பிற உலோகங்களைக் கலந்தும் பார்த்தார். துருவேறா எஃகு என்னும் எவர்சில்வர் வகை உருக்கு பின்னர் 1913இல் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லியால் உருவாக்கப்பட்டது. துப்பாக்கிக் குழலின் உட்புறத் தேய்மானத்தைக் குறைக்க அவர் மேற்கொண்ட ஆய்வே அதற்கு வழிவகுத்தது. இன்று தமிழர் வீட்டுச் சமையலறையை நிறைத்திருக்கும் தட்டுக்கும் டம்ளருக்கும் பின்னால் ஒரு துப்பாக்கிக் குழல் இருக்கிறது.

பீரங்கிகள் சொல்லும் செய்தி

தஞ்சைக் கோட்டையின் கீழைவாசல் பகுதியில் பீரங்கி மேட்டில் இராசகோபால பீரங்கி வைக்கப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சிக் காலத்தில் செய்யப்பட்ட இது ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமுள்ளது. இது வார்ப்பு இரும்பன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களை ஏற்றி, காய்ச்சி அடித்து இணைத்த கொல்லர் வேலை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் இதன் கட்டமைப்பை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்.

தில்லி இரும்புத் தூணை விரிவாக ஆராய்ந்தவரும் அவரே. சுமார் 1,600 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கும் அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் உதவியால் பரப்பில் உருவான அடர்த்தியான மென்படலம் உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது என்று அவர் விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் இதற்குத் துணை நிற்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத் திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி மன்னரால் கட்டப்பட்டது. அதன் உச்சிப் பாறையிலும் ஒரு பீரங்கி உள்ளது. மழையும் வெயிலும் இவற்றின் மேல் நேராகப் படுகின்றன. ஆனால் மழை உப்பைக் கழுவிவிடுகிறது. வெயிலும் காற்றும் விரைவாக உலர்த்துகின்றன. பீரங்கியின் கனமும் ஒரு காப்பு. சில மில்லிமீட்டர் துரு அரித்தாலும் விரற்கடைக் கணக்கில் தடித்த இரும்பு நிலைத்திருக்கும். அதே அளவு அரிப்பு ஒரு பெட்டகத்தின் அடித்தகட்டைச் சல்லடையாக்கிவிடும். கூரைக்குக் கீழே, மழை படாத ஆனால் காற்றோட்டமும் இல்லாத மூலையில் வைத்த பெட்டகம், திறந்தவெளிப் பீரங்கியைவிட விரைவாகக் கெடுவது இதனால்தான்.

துப்பாக்கி வந்த பின்

புதுக்கோட்டைச் சீமையில் பழைய படைக்கலன்களில் ஒன்றான வளரி பெரும்பாலும் வன்மரத்தாலும் சிலவேளை இரும்பாலும் செய்யப்பட்டது. வாளும் ஈட்டியும் வெளிப்பரப்பில் மட்டுமே துருப்பிடிப்பவை. துடைத்து எண்ணெய் தடவினால் போதும். துப்பாக்கியின் சிக்கல் வேறு. அதன் குழலுக்குள் பார்வை படுவதில்லை. கருமருந்து எரிந்தபின் எஞ்சும் பொட்டாசிய உப்புகள் ஈரத்தை இழுப்பவை. பிற்காலத் தோட்டாக்களின் தொடக்க மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்ந்திருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிந்தது. இந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால் சுட்ட துப்பாக்கிக் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவுவது அக்காலப் படைகளின் வழக்கமாயிற்று. துருவுக்குப் பயந்து நீரைத் தவிர்த்தவனின் குழலே முதலில் கெட்டது.

துருவையே காப்பாக மாற்றும் கலையும் வளர்ந்தது. குழலின் மேல் மெல்லிய துருவைத் தாமே வரவழைத்து, தேய்த்து, மீண்டும் வரவழைத்து, இறுதியில் எண்ணெயூட்டிப் பழுப்பு நிறப் படலமாக்கினர். அத்துருவைக் கொதிநீரில் வேகவைத்தால் அது கருநீல நிறமுள்ள காந்த ஆக்சைடாக மாறும். 1876இல் பார்ஃப் என்பவர் சூடான இரும்பின் மேல் நீராவி செலுத்தி இதே கருப்புப் படலத்தைப் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொல்லுப்பட்டறையில் காய்ச்சிய அரிவாளை எண்ணெயில் தோய்க்கும்போது படியும் கருமையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பரில் கும்பினி அரசு தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கும்பினிக்குத் துணை நின்ற புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசு தொடர்ந்து நீடித்து, 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1910இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அருங்காட்சியகம் இன்று திருக்கோகர்ணத்தில் இயங்குகிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் விடுதலைக்குப் பிந்தைய 1959ஆம் ஆண்டின் சட்டமும் துப்பாக்கியை உரிமத்துக்கு உட்பட்ட பொருளாக்கின. உரிமம் பெற்றவர் அதைப் பிறர் கைக்கு எட்டாதபடி பத்திரமாக வைக்கும் பொறுப்புடையவர். பூட்டிய இரும்புப் பெட்டகத்தின் தேவை இதனோடு இணைந்தது.

ஆயுத பூசையும் பருவமழையும்

தொண்டைமான் மன்னர்கள் நவராத்திரி விழாவைச் சிறப்பாகக் கொண்டாடினர். அவ்விழா நாட்களில் அரிசியோடு அம்மன் காசு வழங்கப்பட்டது. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. கொல்லர் சுத்தியல் முதல் உழவர் கலப்பை வரை, அரிவாள் முதல் வண்டி வரை எல்லாவற்றையும் துடைத்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி, பொட்டிட்டு வைப்பது தமிழர் வழக்கம்.

இதன் நோக்கம் சமயம் சார்ந்தது. ஆயினும் அதன் காலம் கவனிக்கத்தக்கது. நவராத்திரி செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் தொடங்குகிறது. ஆண்டின் ஈரம் மிகுந்த மூன்று மாதங்கள் வரும் முன், வீட்டிலுள்ள இரும்பு முழுவதும் ஒரு முறை தூசும் உப்பும் நீங்கி எண்ணெய்ப் பூச்சுப் பெறுகிறது. மழை ஓய்ந்தபின் மார்கழிக் கடைசியில் போகி வருகிறது. வீடு முழுவதும் ஒழித்துத் துப்புரவு செய்யப்படுகிறது. இரண்டு துப்புரவு நாட்கள் மழைக்காலத்தின் இரு கரைகளிலும் நிற்கின்றன. கடலோர இரும்புக்கு இதைவிடப் பொருத்தமான பராமரிப்பு அட்டவணையை இன்றைய பொறியாளரும் எழுதுவது கடினம்.

இரும்புப் பெட்டியின் வருகை

இங்கிலாந்தில் சப் நிறுவனத்தார் 1835இல் கள்வரைத் தடுக்கும் பெட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றனர். லிவர்பூலின் தாமஸ் மில்னர் 1840இல் நெருப்பைத் தாங்கும் பெட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1897இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய அர்தேசிர் கோத்ரெஜ், 1902 முதல் பெட்டகம் செய்தார். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நகரத்தார், செட்டிநாட்டு வீடுகளில் கனத்த இரும்புப் பெட்டிகளை வைத்திருந்தனர். அவற்றில் சில இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

நெருப்பைத் தாங்கும் பெட்டகங்களின் அமைப்பிலேயே துருவுக்கு ஒரு வாய்ப்பு ஒளிந்துள்ளது. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே படிகாரம், ஜிப்சம் போன்ற நீரடங்கிய பொருள்கள் நிரப்பப்படும். தீ மூண்டால் அவற்றிலுள்ள நீர் ஆவியாகி உட்புறத்தைக் குளிர்விக்கும். அதே நீர் சாதாரண நாட்களிலும் மெல்லக் கசிந்து உட்காற்றை ஈரமாக்கக்கூடும். பழைய பெட்டகத்தைத் திறக்கும்போது வீசும் பூஞ்சை நாற்றம், பத்திரத்தில் குத்திய குண்டூசியைச் சுற்றித் தெரியும் பழுப்புக் கறை ஆகியவை இதன் அறிகுறிகள். வெளிப்புறம் பளபளப்பாக இருக்கையில் உட்புறத்து நிலப்பத்திரமும் துப்பாக்கியும் கெடுவது இவ்விதமாகத்தான்.

பெட்டகத்தின் கனமும் சிக்கலை உண்டாக்கும். தடித்த இரும்பு இரவில் குளிர்ந்தால் காலையில் உடனே சூடேறாது. விடியற்காலையில் ஈரமான வெப்பக்காற்று உள்ளே வந்ததும் குளிர்ந்த தகட்டின் மேல் நீர் வேர்க்கும். கார் ஷெட்டில் இது மேலும் கூடும். மழையில் நனைந்த கார் உள்ளே வந்து நிற்கும். சிமெண்டுத் தரை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே விடும். அடியில் காற்றுப் புகாததால் பெட்டகத்தின் அடித்தகடு முதலில் கெடும். அது கண்ணுக்குத் தெரியாத பகுதியாதலால் கடைசியாகக் கவனிக்கப்படும்.

ஆய்வுக்கூடங்களின் பங்களிப்பு

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இவ்வகையில் இது முன்னோடி. அதன் வேதியியலாளர் பரமசிவன், பழைய செப்புத் திருமேனிகளை அரித்துவந்த பாசத்தை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கினார். புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் ஓவியங்களின் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தவரும் அவரே. பொருளைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது பாதுகாப்பாகாது. கெடுதலின் காரணத்தை அறிந்து அதை நிறுத்துவதே பாதுகாப்பு என்னும் அணுகுமுறை இத்தகைய ஆய்வகங்களின் வழியே வேரூன்றியது.

ஆவுடையார்கோவிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உள்ளது. மக்கள் வழக்கில் இது சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருட்டிணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். அரிமானம் எனப்படும் உலோக அரிப்பு இதன் முதன்மை ஆய்வுத் துறைகளுள் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றுக்கும் உப்புக்கும் வெளிக்காட்டி, எது எவ்வளவு எடையிழக்கிறது என்று இதன் ஆய்வாளர்கள் அளந்தனர். நாட்டின் அரிமான வரைபடத்தை உருவாக்கியதும், கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிக்குக் காப்புப் பூச்சுகளை வடிவமைத்ததும் இந்த ஆய்வகம்.

மண்டபத்தை அடுத்த பாம்பன் பாலம் கடலுப்புக்கும் இரும்புக்கும் நடந்த நீண்ட போராட்டத்தின் சான்று. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறாக் கம்பிகளும் கடலோரத்துக்கு உகந்த பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனினும் நூறாண்டுக்கு மேல் பழைய பாலத்தைத் தாங்கியது இடைவிடாமல் சுரண்டிப் பூசிய தொழிலாளர்களின் உழைப்பு.

போர்களும் சில கருவிகளைத் தந்தன. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி வணிக அளவில் செய்யப்பட்டது. ஆவியாகிப் பரவி உலோகத்தின் மேல் மென்படலமாகப் படியும் துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் 1940களில் பயன்பாட்டுக்கு வந்தன. அவை தோய்க்கப்பட்ட தாளில் இயந்திர உதிரிகள் இன்றும் சுற்றி விற்கப்படுகின்றன.

துரு வராமல் காத்தல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இன்றைய வீட்டுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க முறைகள் எளியவை.

பெட்டகத்தைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. கருங்கல் துண்டுகள் அல்லது உறுதியான கட்டைகளின் மேல் வைத்து, அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு இட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தினால் காற்றோட்டம் கிடைக்கும். வெளிச்சுவரையும் சாரல் அடிக்கும் வாயிலையும் தவிர்க்க வேண்டும்.

ஷெட்டில் பெட்டகத்தின் அருகே உப்பு மூட்டை, பொட்டாசு உரம், பிளீச்சிங் பவுடர், கழிவறை கழுவும் அமிலம், பழைய கார் பேட்டரி ஆகியவற்றை வைப்பது கெடுதல். இவற்றின் தூளும் ஆவியும் குளோரைடையோ அமிலத்தையோ இரும்பின் மேல் படியவைக்கும். உழவர் வீடுகளில் உரமும் பெட்டகமும் ஒரே கொட்டகையில் இருப்பது வழக்கமாதலால் இதில் தனிக் கவனம் வேண்டும்.

உட்புறத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைக்கலாம். நிறம் மாறியதும் அவற்றைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்த வேண்டும். மாற்றாமல் விட்ட பை வெறும் மணல். சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, அளவு 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பது நன்று. அடைமழை நாளில் கதவைத் திறந்து போடுவதும், உலர்ந்த வெயில் நாளில் திறக்காமல் விடுவதும் தலைகீழான பழக்கங்கள்.

துப்பாக்கியைத் தோல் உறையிலோ துணியில் சுற்றியோ நெடுநாள் வைக்கக் கூடாது. தோலில் பதனிட்ட உப்பும் துணியில் ஏறிய ஈரமும் குழலைத் தொட்டபடியே இருக்கும். தோட்டா நீக்கிய நிலையில், கைவியர்வை போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவித் தனியாக நிறுத்துவதே முறை.

பிடித்த துருவை நீக்குதல்

முதலில் பெட்டகத்தைக் காலி செய்து, அடியும் பின்புறமும் தெரியும்படி நகர்த்திப் பார்க்க வேண்டும். செந்தூளாக மேலோட்டமாகப் படிந்த துருவை மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் மென்மையான தேய்ப்பானாலும் எடுக்கலாம். செதில் செதிலாக எழும்பிய இடத்தைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் ஆகியவற்றால் உறுதியான இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே முகக்கவசம் அணிந்து, இடத்தை ஈரமாக்கித் தேய்ப்பது நல்லது.

கடலோரத்தில் பலரும் விட்டுவிடும் படி அடுத்தது. தேய்த்த இடத்தை நல்ல நீர் நனைத்த துணியால் பலமுறை துடைத்து உப்பை நீக்கி, உடனே வெயிலிலோ மின்விசிறியிலோ முழுதாக உலர்த்த வேண்டும். உப்பின் மேல் பூசிய பெயிண்டு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் கொப்புளித்து எழும். பூட்டின் உட்பகுதியில் மட்டும் நீர் படக் கூடாது. அங்கே மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும்.

குழிகளில் எஞ்சிய துருவைத் துருமாற்றிக் கரைசல் கொண்டு நிலைப்படுத்தலாம். இதில் பயன்படும் டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலச் சேர்மமாக உறைகிறது. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் இவ்வகைதான். கடுக்காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்துக் கருமை உண்டாக்கிய பழைய மைத் தொழிலின் வேதியியல் இன்று அருங்காட்சியக இரும்பைக் காக்கிறது.

அதன்பின் துத்தநாகம் கலந்த முதற்பூச்சோ ரெட் ஆக்சைடு பூச்சோ அடித்து, உலர்ந்ததும் எனாமல் இரண்டு முறை பூச வேண்டும். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்துவிட்டு நிறுத்துவது பரவலான பழக்கம். அது மேல்பூச்சு ஒட்டுவதற்கான அடித்தளமே. தனியாக நின்று ஈரத்தைத் தடுக்காது. அடித்தகட்டுக்கும் பின்புறத்துக்கும் முகப்பைப் போலவே பூச்சுத் தேவை.

உப்பும் எலுமிச்சையும் சேர்த்துத் தேய்ப்பது, கழிவறை அமிலத்தை ஊற்றுவது ஆகியவை அன்றைக்கு இரும்பை வெளுக்கச் செய்யும். அவை விட்டுச்செல்லும் குளோரைடு மறுவாரமே புதுத்துருவைக் கொண்டுவரும்.

பழம்பொருளுக்கு உரிய எச்சரிக்கை

அன்றாடப் பயன்பாட்டுப் பெட்டகத்துக்கு உரிய முறை, பரம்பரையாக வந்த பொருளுக்குப் பொருந்தாது. பழைய வாள், கட்டையாகிப்போன துப்பாக்கி, செட்டிநாட்டு இரும்புப் பெட்டி ஆகியவற்றின் மேல் செய்தவரின் முத்திரை, ஆண்டு, சோதனைக் குறி, சிலவேளை தமிழ் எழுத்துகள் இருக்கும். இவை தகட்டின் மேற்பரப்பில் மயிரிழை ஆழத்தில் பதிந்தவை. சுழலும் கம்பி பிரஷ் ஒரு நிமிடத்தில் அவற்றை அழித்துவிடும். துப்பாக்கிக் குழலின் பழுப்புப் படலத்தைத் துரு என்று எண்ணி உப்புத்தாளால் தேய்த்தால், அதைச் செய்தவர் இட்ட காப்பே நீங்கிவிடும்.

இத்தகைய பொருளை உலர்ந்த இடத்துக்கு மாற்றுவதும், தூசைத் தூரிகையால் தட்டுவதும், படமெடுத்துப் பதிவு செய்வதும் வீட்டார் தாமே செய்யக்கூடியவை. துருநீக்கத்தை அருங்காட்சியகப் பாதுகாப்பாளரின் அறிவுரையோடு செய்ய வேண்டும். குளோரைடு ஊறிய தொல்லிரும்பைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றும் முறைகள் 1970களிலிருந்து நடைமுறையில் உள்ளன. இது பொறுமை வேண்டும் வேலை. ஒரே நாளில் பளபளப்பைத் தருவதாகச் சொல்லும் எந்த முறையும் இதற்கு மாற்றாகாது. பழைய சுடுகலன் எதுவாயினும் அதற்கு உரிமம் தேவையா என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுத் தெளிந்தபின்பே வைத்திருக்க வேண்டும்.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் இத்தகைய பெட்டகம் வைத்திருப்போர், ஆண்டில் இரண்டு நாட்களை அதற்கென ஒதுக்கினால் போதும். ஆயுத பூசைக்கு முன் ஒரு நாள் பெட்டகத்தை நகர்த்தி, அடித்தகட்டைப் பார்த்து, உப்பைத் துடைத்து, பூச்சு உரிந்த இடத்தை அடைக்க வேண்டும். போகியன்று மீண்டும் திறந்து, பத்திரங்களை வெயில் படாத நிழலில் காற்றாட வைத்து, ஈரப்பதமானியைப் பார்த்து, சிலிக்கா ஜெல்லை உலர்த்தி வைக்க வேண்டும்.